இறங்காத சூடு

"குளிச்சாச்சா அப்பா?" என்று பிலோமி கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. கோத்தகிரியில் ஜூலை மாதத்துக் காலை ஏழு மணிக்கு எந்த வீட்டிலும் மகள் அப்பனைக் கேட்கிற கேள்விதான். ஆமா என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் அருமைநாயகம் தோளில் துண்டோடு அடுப்படி வாசலில் நின்று, வாயைத் திறந்து, திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். ஆமாவா, இல்லையா. துண்டு தோளில் கிடக்கிறது, சரி. குளிக்கப் போகிறவன் தோளிலும் துண்டு கிடக்கும், குளித்துவிட்டு வருகிறவன் தோளிலும் துண்டு கிடக்கும், துண்டை வைத்து என்ன சொல்ல. தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. இந்த ஊரில் ஜூலையில் ஈரமில்லாத துண்டு எங்கே இருக்கிறது, தீப்பெட்டியே நமத்துப்போகிறது, பீரோவுக்குள் மடித்து வைத்த வேட்டியே பிழிந்தால் சொட்டும் போல இருக்கிறது. தலையைத் தடவினார். முடி இருந்தால் அது சொல்லும். அது நாற்பது வயதிலேயே அவரைக் கைகழுவிவிட்டுப் போய்விட்டது. கைவிரல்கள் சில்லென்று இருந்தன. குளித்தவனுக்கும் குளித்த கொஞ்ச நேரத்தில் சில்லென்றுதான் இருக்கும். உள்ளே எங்கேயோ, நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில், இல்லை, இன்னும் குளிக்கவில்லை, இப்போதுதான் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஒரு குரல் சொன்னது. ஆனால் அந்தக் குரலை அவர் இப்போதெல்லாம் நம்புவதில்லை. அதுவேதான் நேற்றும் சொன்னது, முந்தாநாளும் சொன்னது.

அவர் பதில் சொல்வதற்குள் பிலோமியே அவரைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் சுவரில் ஏறுகிற பைப்பில் புறங்கையை வைத்தாள். ஒரு நொடி. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டவள் போல முகம் வாடியது. "சுடுதே அப்பா. குளிச்சுட்டீங்க. திரும்பப் போயி தண்ணிய ஊத்திக்காதீங்க, சளி பிடிச்சுக்கும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உக்காருங்க, காப்பி வச்சிருக்கேன். அண்ணன் பத்து மணிக்கெல்லாம் வந்துருவான். நான் உங்க துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்." டம்ளரை அவர் கையில் கொடுத்து, கை சரியாகப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்து, அப்புறம்தான் விட்டாள். அதையும் அவர் கவனித்தார். அடுத்த அறையில் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பூட்டு உள்ள பழைய பெட்டி, ஒன்று டக்கென்று திறக்கும், மற்றது தட்டினால்தான் திறக்கும். தட்டுகிறாள். திறந்துவிட்டது.

ஆக, குளித்துவிட்டார். பைப்பு சொல்லிவிட்டது. பைப்பு பொய் சொல்லாது. இதை யார் சொன்னது, அவரேதான் சொன்னது. முப்பத்தொரு வருஷம் டீ ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். அளவுமானியின் முள் பொய் சொல்லும், கண்ணாடிக்குள் தெரிகிற தண்ணீர் மட்டம் பொய் சொல்லும், லீவு கேட்கிற ஆள் பொய் சொல்வான், பைப்பு சொல்லாது. சுட்டால் உள்ளே போயிருக்கிறது, சுடாவிட்டால் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். பிலோமிக்கு ஆறு வயசோ ஏழோ, ஒரு நாள் பள்ளிக்கூடம் இல்லையென்று பாய்லர் அறைக்குக் கூட்டிப்போனபோது அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையால தொடாத கண்ணு, சுட்டா கை தானா மூடிக்கும், மூடினா பைப்ப பிடிச்சுக்கும், புறங்கையால தொடு, அது தானா விலகிடும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவள் தொட்டுவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவின் தோசைக்கல், இஸ்திரிப்பெட்டி, பால் டம்ளர், சிலுவை முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுத் தொட்டு, செலின் திட்டினாள், புள்ளையக் கெடுத்து வச்சிருக்கீங்க என்று. இன்றைக்கு அதே புறங்கை. அவர் கற்றுக்கொடுத்த பாடத்தில் அவரே தோற்றுப்போனார். தன் மரத்தையே வெட்டுகிற கோடாலிக் காம்பு என்பார்களே, அது. பைப்பு சுடுகிறது, ஆகவே அப்பா குளித்திருக்கிறார், ஆகவே அப்பாவுக்கு அது ஞாபகம் இல்லை, ஆகவே அப்பாவைப் பகலெல்லாம் அடுப்போடும் தீப்பெட்டியோடும் தனியாக விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போக முடியாது, ஆகவே கோயமுத்தூர், மகன் வீடு. ஒன்றுக்கொன்று எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது. மரை கச்சிதமாகக் கடித்து ஏறுகிற மாதிரி.

எப்போதிருந்து இப்படி என்று யோசித்தார். யோசித்தால் வருகிறது, ஆனால் வரிசையாக வருவதில்லை, சீட்டுக் கட்டைக் கீழே போட்டுப் பொறுக்கின மாதிரி வருகிறது. முதல் நாள், இல்லம்மா, இன்னும் குளிக்கல என்று அவர் சொன்னதும், அவள் பைப்பைத் தொட்டுவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதை மறக்க முடிந்தால் மறந்துவிடலாம். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் போய்ப் பைப்பைத் தொட்டுப் பார்த்து, சுட்டது, உடனே துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, குளிச்சுட்டேம்மா என்றார். அதைச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அப்படிச் சொன்ன பிற்பாடு, குளித்தது போலவே ஒரு ஞாபகமும் வந்துவிட்டது: முதுகில் வெந்நீர், காலுக்குக் கீழே சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு, மூக்கில் ஆவி. அது அன்றைக்குக் குளித்ததா, பத்து வருஷத்துக்கு முன்னால் குளித்ததா. குளியலுக்குத் தேதி ஏது. அப்புறம் பால். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போய், மூடுபனியில் பக்கத்து வீட்டு நாய் நிற்கிறதா வேலி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்று, பாத்திரம் கருகி வாடை வந்த பிறகுதான் திரும்பினார். அப்புறம் போன வாரம் பிலோமியை செலின் என்று கூப்பிட்டது. அவள் "ம்" என்று சொல்லிவிட்டாள், திருத்தவில்லை. திருத்தியிருக்கலாம். அப்புறம் போனில் அவள் ஆல்பர்ட்டிடம் சொன்னது, கதவு சாத்தியிருந்தது, ஆனால் இந்த வீட்டுக் கதவுகள் மழைக்கு ஊதி, முழுசாகச் சாத்துவதில்லை: "குளிச்சதே ஞாபகம் இல்லண்ணா. குளிச்சும் ஒரு மாதிரி வாடை வருது. சோப்பு போடவே மறந்துடறாங்க போல. எனக்கு சொல்லவே ஒரு மாதிரி இருக்கு." அவர் அன்றைக்குச் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தார். வாடை வரத்தான் செய்தது. குளித்தவன் மேல் குளிக்காதவன் வாடை. அப்படியென்றால் குளிக்கிறவன் வேறே யாரோ. வேறே ஒரு அருமைநாயகம் விடியற்காலையில் எழுந்து, இவருக்குத் தெரியாமல், இவருடைய வெந்நீரில் குளித்துவிட்டு, சூட்டை மட்டும் பைப்பில் விட்டுவிட்டுப் போகிறான்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. ஏன் இருக்கக் கூடாது. மறதி என்றால் அதுதானே. இந்த ஆள் தூங்கும்போது அந்த ஆள் நடமாடுவது. காப்பியை ஒரு வாய் குடித்தார். ஆறிக்கொண்டிருந்தது. டம்ளரின் விளிம்பில் இன்னும் சூடு, அடியில் ஜில்லென்று. கோயமுத்தூரில் காப்பி ஆறாது, இறக்கி வைத்தால் அரை மணி அப்படியே இருக்கும். மூன்றாவது மாடி. ஆல்பர்ட்டின் வீட்டில் பைப்பெல்லாம் சுவருக்குள்ளே ஓடுகிறது, வெளியே வெள்ளி மாதிரி ஒரு கைப்பிடி மட்டும், இப்படித் திருப்பினால் சூடு, அப்படித் திருப்பினால் பச்சைத் தண்ணீர். போன தடவை போனபோது சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார், எங்கே ஓடுகிறது என்று தெரியவே இல்லை. என்ன தேடறீங்க மாமா என்று மருமகள் கேட்டாள். ஒண்ணுமில்லம்மா. அங்கே போய்விட்டால் குளித்தோமா இல்லையா என்று கேட்க ஒரு பைப்பு கூட இருக்காது. இந்தப் பைப்பு எதிராகச் சாட்சி சொன்னாலும், கண்ணுக்கு முன்னால் நின்று சொல்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார். மேடைக்கு அடியில், முன்பு விறகு அடுக்கியிருந்த பொந்தில், புது கீசர். வெள்ளைப் பானை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அதன் வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு. ஆல்பர்ட்தான் போன தடவை வந்தபோது மாற்றினான். பழையது குளியலறைச் சுவரில், தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, ஆணி இளகி, என்றைக்காவது அப்பா மண்டையில விழும் என்று அவன் சொல்லிச் சொல்லி, ஆள் பிடித்து, இதைக் கீழே உட்காரவைத்து, அதன் உச்சந்தலையிலிருந்து ஒரு பைப்பை நேரே செங்குத்தாக ஜன்னலோரம் ஏற்றி, ஆள் உயரத்தில் சுவரைத் துளைத்து, அந்தப் பக்கம் குளியலறையில் இறக்கி விட்டான். அணைக்கவே வேணாம்பா, அதுவே சூடாகி அதுவே நின்னுக்கும், உங்களுக்கு சுவிட்சு ஞாபகம்கூட வேணாம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். உங்களுக்கு ஞாபகம்கூட வேணாம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. டக் என்று ஒரு சத்தம், எரிய ஆரம்பித்தது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. பிலோமி அறையில், அவர் நாற்காலியில். இவ்வளவு நேரம் அணைந்திருந்தது, இப்போது ஏன் எரிகிறது. உள்ளே தண்ணீர் ஆறியிருக்கிறது, அதனால் எரிகிறது. ஏன் ஆறியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே கேள்வி எப்போதோ வந்தது, பாதியில் விட்டுப்போனது, எங்கே விட்டது. சனிக்கிழமை. காற்றில் மரம் விழுந்து கரெண்டு போன சனிக்கிழமை, ராத்திரி பூராவும் இல்லை. ஞாயிறு காலையில் பூசைக்குப் போக வேண்டும், கீசர் தொட்டி நிறைய வெந்நீர் வைத்திருந்ததுதானே, யாரும் ஒரு சொம்பு எடுக்கவில்லையே, அதையே ஊற்றிக் குளித்துவிடலாம் என்று குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். யாரும் தொடாத வெந்நீரின் சூடு எங்கே போனது என்று அன்றைக்கு நினைத்தார். திருடன் வந்து பூட்டை உடைக்காமல் நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போன மாதிரி. அப்போது பிலோமி கோயிலுக்கு நேரமாகிறது என்று கத்தினாள், அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், என்ன சொன்னாள், என்ன சொல்லிவிட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்தார். "என்னப்பா நீங்க, இன்னும் குளிக்கலையா" என்று கேட்டாள். ஆமாம், அப்படித்தான் கேட்டாள். பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். கரெண்டு இல்லாத அன்றைக்குப் பைப்பு சுடவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் குளிக்கவில்லை என்று பைப்பும் சொன்னது, அவரும் சொன்னார், அவளும் சொன்னாள். அந்த இன்னொரு அருமைநாயகம் கரெண்டு இல்லாவிட்டால் எழுந்து வருவதில்லையா.

இது என்னவோ ஒன்று. பிடித்துவிட்டால் பிடித்துவிடலாம், ஆனால் ஈரச் சோப்பு மாதிரி நழுவுகிறது. அவர் அசையாமல் உட்கார்ந்தார், அசைந்தால் ஓடிவிடும். பெள்ளி. ஏன் இப்போது பெள்ளி ஞாபகம் வருகிறான். ஃபாக்டரியில் பைப்பு வேலைக்கென்று இருந்த ஃபிட்டர், அவர் வயசுக்காரன், கக்குச்சிப் பக்கத்து ஆள், வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பைப்புக்கு மரை போடுவான். பெண்டுகள் கைகால் கழுவுகிற இடத்துக்குப் பாய்லர் அறைத் தொட்டியிலிருந்து வெந்நீர் லைன் இழுத்தபோது, அவன் குழாயை நேரே மேலே ஏற்றாமல், தொட்டியை விட்டு வந்ததுமே முழங்கால் மடக்கின மாதிரி ஒரு முழம் கீழே இறக்கி, அப்புறம் மேலே ஏற்றினான். எதுக்குடா இந்தச் சுத்து, பைப்பு மிச்சமா கிடக்கா என்று இவர் கேட்டார். அவன் என்ன சொன்னான். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான், துப்பினது ஞாபகம் இருக்கிறது, சுவரில் சிவப்பு, சொன்னது, சொன்னது. "சூடு ஆட்டுக்குட்டி மாதிரி நாயகம். மேட்டைக் கண்டா ஒருத்தரும் ஓட்டாமலே ஏறும். இறக்கத்துல கயித்தைக் கட்டி இழுத்தாலும் வராது." அப்புறம் இவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "உன்னையே எடுத்துக்க. பத்தொம்பது வயசுல கீழேருந்து ஏறி வந்த. ஒரு தரம் இறங்கிப் போயிருக்கியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். இறங்கிப் போகத்தான் இல்லை. அப்பா சாவுக்கும், ஆல்பர்ட் வீட்டை எட்டிப் பார்க்கவும் போனதோடு சரி. இன்றைக்குப் பத்து மணிக்கு இறங்குகிறார், மகன் காரில், இருபத்தொன்பது வளைவோ முப்பது வளைவோ, காது அடைக்கும்.

இல்லை, காரை விடு, ஆட்டுக்குட்டியைப் பிடி. சூடு ஓட்டாமலே ஏறும். ஓட்டாமலே. யாரும் குழாயைத் திறக்காமலே. தொட்டி கீழே இருக்கிறது, பைப்பு நேரே மேலே போகிறது, நடுவில் வளைவு கிடையாது, இறக்கம் கிடையாது. உள்ளே இருக்கிற வெந்நீர் தானாகவே மேலே ஏறும், மேலே குளிரில் ஆறினது ஓரமாகக் கீழே சரியும், அது திரும்பச் சூடாகும், திரும்ப ஏறும், இப்படி ராத்திரி பூரா, பகல் பூரா, ஒருத்தன் ஒரு சொம்பு மொள்ளாமலே. அதனால்தான் விளக்கு எரிகிறது. அதனால்தான் கரெண்டு போன அன்றைக்குத் தொட்டி ஆறிக் கிடந்தது. பைப்பு பொய் சொல்லாதுதான், ஆனால் சூடு இங்கே இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது, தண்ணீர் இந்த வழியாகப் போனது என்று அது சொல்லவே இல்லை. சொன்னதாக எடுத்துக்கொண்டது நாங்கள். பழைய கீசர் மேலே இருந்தது, பைப்பு கீழே இறங்கியது, இறக்கத்தில் சூடு வராது, திறந்தால்தான் சுடும். அந்தப் பாடம் அந்தப் பைப்புக்கு. இப்படித்தானே நேற்றும் ஏதோ ஒன்றை நன்றாக நினைத்து, பாதியில் விட்டோம். இதெல்லாம் தப்பிக்கிறதுக்கு மனசு கட்டுகிற கதையாக இருந்தால். மறந்தவன் மறக்கவில்லை என்று நிரூபிக்க என்னவெல்லாம் சொல்வான், அவர் பார்த்திருக்கிறார், செலினுடைய அம்மா சாப்பிட்ட தட்டை முன்னால் வைத்துக்கொண்டே சாப்பாடு போடவில்லை என்று பங்குச் சாமியாரிடம் புகார் சொன்னாள்.

எழுந்தார். பைப்பிடம் போனார். தொட்டி ஓரத்தில் புறங்கையை வைத்தார், பொத்துப்போகிற சூடு. இடுப்பளவில், சூடு. தோளளவில், இளஞ்சூடு. சுவருக்குள் நுழைகிற இடத்தில், இன்னும் கொஞ்சம் குறைச்சல், ஆனால் இருக்கிறது. குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். அங்கே பைப்பு சுவரிலிருந்து வெளியே வந்து, முழங்கை மடங்கி, குழாயை நோக்கிக் கீழே இறங்குகிறது. மடங்கின இடத்துக்கு ஒரு சாண் கீழே புறங்கையை வைத்தார்.

ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த கேட்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி.

கையை எடுத்துவிட்டு இன்னொரு தரம் வைத்தார். இன்னும் கீழே வைத்தார். குழாயின் வாயைத் தொட்டார். ஜில். சரி, அப்படியென்றால் குளிக்கவில்லை. ஆனால் இரு. விடியற்காலை நாலு மணிக்குக் குளித்திருந்தால். இவ்வளவு நேரத்தில் இதுவும் ஆறியிருக்குமே. பிலோமி ஆறு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள், அவளைத் தாண்டி வந்திருக்க முடியாது, அதற்கு முன்னால் வந்திருக்கலாமே. வந்தாரா. நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார். தூங்கினார். தூங்கினதாக அந்தக் குரல் சொல்கிறது. அது சொல்லி என்ன. திரும்பவும் அதே இடம், செக்கு மாடு. குளியலறையில் நின்று அந்தப் பக்கச் சுவரைப் பார்த்தார், இந்தப் பக்கக் குழாயைப் பார்த்தார். ஏறுகிற கால் ஒன்று, இறங்குகிற கால் ஒன்று. ஒரே பைப்பு. ஒரே தண்ணீர் இரண்டிலும் போயிருந்தால் இரண்டும் ஒன்றாகச் சூடாகி, ஒன்றாக ஆறியிருக்க வேண்டும். அடுப்படியில் ஜன்னல் திறந்து கிடக்கிறது, பனிக் காற்று அந்தக் காலில்தான் அடிக்கிறது, முதலில் ஆற வேண்டியது அது. அது சுடுகிறது, இது ஜில்லென்று இருக்கிறது. குளித்த சூடு என்றால் ஒரு கால் மட்டும் எப்படி ஆறும்? இது குளித்த சூடு இல்லை. நாலு மணியாவது மூணு மணியாவது. இது ஆட்டுக்குட்டிச் சூடு.

சோப்புப் பெட்டியைப் பார்த்தார். பச்சைச் சோப்பு, கீசர் மாட்டின அன்றைக்கு, புது வெந்நீருக்குப் புதுச் சோப்பு என்று பிலோமிதான் பிரித்து வைத்தாள். அவள் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து குளிப்பாள், அவளுக்கு வேறே சோப்பு, மேல் தட்டில். பச்சைச் சோப்பை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். மேலே அழுத்தின எழுத்துகள் அத்தனையும் முள்ளு முள்ளாக இருந்தன, ஓரம் மட்டும் லேசாக மழுங்கி. அந்த மழுங்கல் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாளே, அது. மற்ற நாளெல்லாம் எழுத்தாகவே நிற்கிறது. அப்படியென்றால். அவர் அங்கேயே வாளியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். மறந்து மறந்து குளித்தவர் இல்லை. குளிக்கவே இல்லை. பைப்பு சுடுகிறது, குளிச்சாச்சு என்று அவள் சொல்ல, குளிச்சாச்சு என்று இவரும் நம்ப, துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார், கீசர் மாட்டின இந்தப் பதினொரு நாளில் ஒரு நாள் நீங்கலாக. வாடை வராமல் என்ன செய்யும்.

"அப்பா?" பிலோமி வாசலில் நின்றாள், கையில் அவருடைய கம்பளிச் சட்டை, பாதி மடித்தது. "எங்க போனீங்கன்னு தேடறேன். மறுபடியும் குளிக்கப் போறீங்களா? இப்பதானப்பா..."

"பிலோமி, இங்க வா. கையக் குடு."

"எதுக்கு?"

"குடும்மா. புறங்கை."

அவள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள், இவருக்கு ஏதோ ஆகிவிட்டது, மறுத்துப் பேசக் கூடாது என்கிற மாதிரி. அவர் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய் ஏறுகிற பைப்பில் வைத்தார். "சுடுதா?" "சுடுது. அதான் சொன்னேனே." குளியலறைக்குக் கூட்டிவந்தார். இறங்குகிற பைப்பில் வைத்தார்.

அவள் கை அங்கேயே இருந்தது. எடுக்கவில்லை.

"நீங்க அந்தப் பக்கம் மட்டும் தொட்டீங்க" என்றார். மகளை நீங்க என்று சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது, திருத்திக்கொள்ளாமல் மேலே போனார். "குளிச்சா இதுவும் சுட்டிருக்கணும். இது வழியாத்தான தண்ணி வரணும். அது சும்மாவே ஏறுற சூடு. ஒரு வளைவு வச்சிருந்தா ஏறாது. உங்கண்ணன் நேரா ஏத்திட்டான்."

பிலோமி பைப்பைப் பார்த்தாள், சோப்பைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது. "அப்ப இத்தன நாளா..." என்றாள். அப்புறம், "நான்தான் உங்களக் குளிக்க விடலையா?" என்றாள்.

"நீ எங்க. பைப்பு."

"நான் வாடை வருதுன்னு அண்ணன்கிட்ட போன்ல வேற..." அவள் கம்பளியின் கையால் மூக்கைத் துடைத்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "உங்களுக்குக் கேட்டிருக்குமோன்னு கூச்சமா இருக்குப்பா."

"கேட்டுச்சு. கதவு முழுசா சாத்தல."

இப்போதே நிறுத்திக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. வழக்கில் ஜெயித்தவன் கோர்ட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால் கருகின பாத்திரத்தின் வாடை எங்கிருந்தோ வந்தது, அல்லது வந்த மாதிரி இருந்தது. "பாலு நான்தான்" என்றார். "அது பைப்பு இல்ல. அன்னைக்கு உன்ன அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நான்தான்."

"தெரியும்பா."

"அதெல்லாம் எதனாலன்னு எனக்குத் தெரியல. இது மட்டும் தெரியுது."

பிலோமி வெளியே போனாள். பெட்டி மூடுகிற சத்தத்துக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டக், அப்புறம் தட்டல். வரவில்லை. அதற்குப் பதிலாகப் போனில் அவள் குரல், இந்தத் தடவை கதவே சாத்தாமல்: "அண்ணா, எங்க வந்துட்டிருக்க? வா, வா. வந்ததும் சட்டையக் கழட்டிட்டு ஒரு வேலை இருக்கு உனக்கு. இல்ல, பெட்டி தூக்குற வேலை இல்ல. பைப்பு வேலை. நீதான ஏத்திவிட்ட. அப்பாவ டாக்டர்கிட்ட காட்டலாம், இன்னொரு நாள் போலாம், இறங்கிப் போயி சாயங்காலமே ஏறி வந்துரலாம். இப்ப நீ வந்து கைய வச்சுப் பாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "புறங்கையண்ணா. உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல."

அருமைநாயகம் கதவைச் சாத்தினார். அது முழுசாகச் சாத்தவில்லை. சட்டையைக் கழற்றினார், பனியனைக் கழற்றினார், வாளியை இழுத்து வைத்துக் குழாயைத் திறந்தார். முதலில் வந்தது பச்சைத் தண்ணீர், அந்த இறங்குகிற காலில் அடைந்து கிடந்தது, அப்புறம் ஒரு இருமல், அப்புறம் ஆவி. முதல் சொம்பை ஊற்றிக்கொண்டபோது முதுகுத்தண்டு சிலிர்த்தது. இரண்டாவது, மூன்றாவது. சோப்பை எடுத்துத் தேய்த்தார், தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் விரலுக்கடியில் மழுங்கின. எத்தனை சொம்பு ஊற்றினோம் என்று எண்ணிக்கொண்டு வந்து, ஆறிலோ ஏழிலோ விட்டுவிட்டார். பெள்ளி இப்போது எங்கே இருக்கிறான், இருக்கிறானா, அவன் சாவுக்குப் போனோமா போகவில்லையா. தெரியவில்லை. சோப்பு நுரையோடு நின்றுகொண்டே கையை நீட்டி இறங்குகிற பைப்பில் புறங்கையை வைத்தார். சுட்டது. கை தானாக விலகியது. திரும்பவும் வைத்தார்.

"அப்பா" என்று வெளியே பிலோமி கூப்பிட்டாள். "குளிக்கிறீங்களா?"

"ஆமாம்மா" என்றார், "குளிச்சிட்டிருக்கேன்."